டயர் பிரிவு பம்புவும் ஏழாம் நம்பர் மார்ச்சும்

எங்கள் பஸ் டிப்போவில் டயர் பிரிவு ஆளை எல்லோரும் பம்பு என்றுதான் கூப்பிடுகிறோம். பகலெல்லாம் டயருக்குக் காற்று, சாயங்காலம் டியூபாவுக்குக் காற்று. டியூபா என்பது பேண்டு வாத்தியங்களிலேயே பெரியது. ஆளைச் சுற்றி வளைந்து, தலைக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பித்தளைக் குழல். இருபத்தாறு வருஷமாக அவன் அதை ஊதுகிறான். பதினைந்து வருஷம் இரண்டு நுரையீரலோடு, பதினொரு வருஷம் ஒன்றரை நுரையீரலோடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வந்த விஷயமே அதுதான்.

டயர் பிரிவு டிப்போவின் கோடியில், கழுவுகிற மேடைக்குப் பின்னால் இருக்கிறது. கம்ப்ரஸர் ஓடுகிற நேரத்தில் அங்கே பேசவேண்டும் என்றால் காதுக்குள் வாயை வைத்துத்தான் பேசவேண்டும். பஸ் டயர் சைக்கிள் டயர் இல்லை. இரும்புக் கம்பியைச் செருகி, முழங்காலால் அழுத்தி, விளிம்பை நெம்பி எடுக்கவேண்டும். கவனம் பிசகினால் கம்பி திரும்பி வந்து பல்லைப் பெயர்க்கும். பம்பு டயரை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்வான். அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்தால் அதேதான் காட்டும். அவன் தலையாட்டாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுப்பதில்லை. அவன் மாட்டிய டயர் வழியில் காலை வாரியது என்று இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

நான் பாடி பிரிவு. இடிபட்டு வருகிற பஸ்ஸின் தகரத்தை நிமிர்த்துவது என் வேலை. எங்கள் டிப்போ பேண்டில் நான் பெரிய டிரம். தட்டுகிறவனுக்குத் தட்டுகிற வேலை, ஊதுகிறவனுக்கு ஊதுகிற வேலை என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள் என நினைக்கவேண்டாம். வாத்தியங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அன்று எல்லோரும் ஓடிப்போய் ஆளுக்கொன்று எடுத்தார்கள். எங்கள் இருவர் கையும் கிரீஸாகக் கிடந்தது. பெயிண்ட் பிரிவு மேஸ்திரிதான் அப்போது பேண்டு மாஸ்டர். "அந்தக் கையோட பித்தளையைத் தொட்டீங்கன்னா கையை வெட்டுவேன். போய்க் கழுவிட்டு வாங்க" என்று விரட்டினார். சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு வருவதற்குள் சின்னது, அழகானது, தூக்க லேசானது எல்லாம் போய்விட்டது. மிச்சமிருந்தவை இரண்டு. அந்த டியூபாவை அவன் பார்த்தான், டிரம்மை நான் பார்த்தேன்.

"உனக்கு எது வேணும்?" என்றான்.

"ரெண்டுமே வேணாம்."

"அப்ப நான் அந்தக் குழாயை எடுத்துக்கறேன். உள்ள படுத்துத் தூங்கலாம் போல இருக்கு."

அணிவகுப்பில் டியூபாவுக்குப் பின்னால் பெரிய டிரம். ஆகவே அன்றிலிருந்து அவன் பின்கழுத்துதான் எனக்குத் தெரிந்த உலகம். திறப்பு விழா, விளையாட்டுப் போட்டி, ஓய்வு பெறுகிறவர்களை வீடுவரை கொண்டுபோய் விடுவது என்று எங்கே போனாலும் ஊரை மற்றவர்கள் பார்த்தார்கள், நான் அவன் கழுத்தைப் பார்த்தேன். வெயிலில் அது எப்போது சிவக்கும், எந்த இடத்தில் நரம்பு புடைக்கும் என்று அவன் வீட்டுக்காரிக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருமுறை பஸ்ஸின் கூரையில் கட்டி வைத்திருந்த டியூபா கயிறு அறுந்து கீழே விழுந்தது. நசுங்கிய தகர டப்பா மாதிரி கிடந்தது. புதிதாக வாங்கித் தரமாட்டோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நான் அதை என் பட்டறைக்குத் தூக்கிவந்து, நீளமான கம்பியின் முனையில் இரும்பு உருண்டையைப் பற்றவைத்து, உள்ளே விட்டு உள்ளிருந்தே ஒவ்வொரு பள்ளமாக நெம்பி எடுத்தேன். மூன்று வாரம் ஆனது. பம்பு தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்தவன் போல ஓரமாக நிற்பான்.

"மெதுவாடா."

"இது பஸ்ஸை விட மெல்லிசு. எனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் மெதுவா."

பதினைந்தாவது வருஷம் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, இரண்டு மாதம் படுத்தான். இடது நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். பலூன்கூட ஊதக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். பம்பு அதற்குத் தலையை ஆட்டிவிட்டு, ஐந்தாவது மாதம் பேண்டு அறைக்கு வந்து டியூபாவைத் துடைக்க ஆரம்பித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்களிடம் ஏழாம் நம்பர் என்று ஒரு மார்ச், நடைக்கு வாசிக்கிற பாட்டு, உண்டு. புத்தகத்தில் ஏழாவதாக இருப்பதால் அந்தப் பெயர். அதன் மூன்றாவது பகுதியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். டியூபாதான் பாட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். பதினாறு கட்டம், அதாவது முப்பத்திரண்டு அடி நடக்கிற நேரம். நடுவில் மூச்சு வாங்கச் சந்தே கிடையாது. முன்பெல்லாம் அந்தப் பகுதியை அவன் ஏதோ மாடிப்படியில் இறங்குகிறவன் மாதிரி சுலபமாக வாசித்துவிட்டுப் போவான்.

அவன் திரும்பி வந்தபிறகு முதல் அணிவகுப்பு. ஒன்பதாவது கட்டத்தில் அவன் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது, காது கறுத்தது. இன்னும் ஒரு அடி போனால் ஆள் விழுந்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாக நின்றுவிட்டது. பெரிய டிரம் நின்றால் பேண்டு நிற்கும். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் வாசிப்பை நிறுத்தினோம், கால் மட்டும் நடந்தது. இரண்டு அடி நேரம் செருப்புச் சத்தம் மட்டும். பம்பு மூச்சை இழுத்துக்கொண்டான். நான் மறுபடி அடித்தேன், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பேண்டு மாஸ்டர் என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வந்து பார்த்தால், எல்லோருடைய தாளிலும் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். பம்புவின் தாளிலும்தான். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. மாஸ்டர் ஏதோ புதிதாக மாற்றியிருக்கிறார் என்று பம்பு நினைத்துக்கொண்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுத்தம் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. கடைத்தெருவில் நாங்கள் நிறுத்துகிற அந்த இரண்டு அடிக்கு மட்டும் நின்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். அதைப்பற்றி அதிகம் பெருமை பேசியது யார் என்றால் பம்புதான். "மத்தவன் எல்லாம் வாசிச்சுட்டே போவான். நிறுத்தத் தெரியணும். அது எங்க டிப்போவால மட்டும்தான் முடியும்" என்பான். புதிதாகச் சேர்ந்த கிளாரினெட்காரர் ஒருவர் அந்த இடத்தில் நிற்காமல் ஓடிவிட்டபோது அவரை நிற்கவைத்துத் திட்டினான். "கண்ணு எங்க இருக்கு? சிவப்புக் கோடு தெரியல? பேப்பர்ல போட்டதைப் பாத்து வாசிங்க." நாங்கள் பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதினொரு வருஷம் இப்படிப் போயிற்று. மேஸ்திரி ஓய்வு பெற்றார். இந்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து புது மாஸ்டர் வந்தார். முறையாகப் படித்த மனிதர். கோபப்படமாட்டார், விடவும் மாட்டார். ஒன்பது டிப்போ பேண்டுகளும் ஒரே மைதானத்தில் சேர்ந்து ஏழாம் நம்பரை வாசிக்கப்போகின்றன என்றார். அதற்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு டிப்போவிலும் கேட்பார். தேறாத ஆளை விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு வேறு டிப்போவிலிருந்து ஆளை நிரப்பிக்கொள்வார்கள்.

முதல் ஒத்திகையிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

"இங்க ஏன் நிக்கறீங்க?"

பம்புதான் பேசினான். "சார், அது எங்க வழக்கம். பழைய மாஸ்டர் போட்டது."

"அச்சுல இல்லையே. ஒன்பது பேண்டு சேர்ந்து வாசிக்கும்போது நீங்க மட்டும் நின்னா என்ன ஆகும்? கோட்டை அழிச்சிடுங்க. நேரா போங்க."

நேராகப் போனோம். பத்தாவது கட்டத்தில் டியூபா விக்கியது. பதினொன்றாவதில் சத்தமே இல்லை. பம்பு குழலிலிருந்து வாயை எடுத்துவிட்டுக் குனிந்து நின்று இழுத்தான். மாஸ்டர் "பரவாயில்ல, மறுபடி" என்றார். மறுபடியும் அதே இடம். மூன்றாவது முறையும் அதே இடம். மூன்றாவது முறை குனிந்தவன் நிமிர்ந்தபோது மாஸ்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

மறுநாள் காலை என் பட்டறைக்கு வந்தான். நான் ஒரு பஸ்ஸின் மூக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருஷமா?"

"எது எத்தனை வருஷமா?"

"நடிக்காத. சுத்தியலைக் கீழ வை."

வைத்தேன். "பதினொண்ணு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"கேன்டீன்காரருக்குமா?"

"அவருதான் முதல்ல கண்டுபிடிச்சாரு."

அவன் சிரிப்பான் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. "நான் அந்தக் கிளாரினெட்காரரைத் திட்டினேனே. அப்பவும் வாயை மூடிட்டு நின்னீங்க. பதினொரு வருஷமா என்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடந்துட்டு, நான் நடக்கறேன்னு என்னையே நம்ப வச்சுட்டீங்கடா."

"நீ விழுந்திருப்ப."

"விழுந்திருந்தா எழுந்திருச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று சாயங்காலம் டியூபாவைப் பளபளவென்று துடைத்து, பேண்டு அறையில் வைத்து, சாவியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டான்.

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இருந்தான், உள்ளறையில் வானொலிப் பெட்டியைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் இருந்தான். அவன் வீட்டுக்காரிதான் என்னை உட்காரச் சொன்னாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள், நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"உனக்குத் தெரியுமா தங்கச்சி, நாங்க நிறுத்தினது?" என்றேன்.

"தெருவுல நின்னு கேக்கறவளுக்குத் தெரியாதா அண்ணே? எங்க எல்லாம் இவருக்கு மூச்சு முட்டுதோ அங்கதான் எனக்கும் முட்டும்."

"நீயாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்க சொல்லியிருக்கணும். ஒருத்தரு விழாம பாத்துக்கறது நல்லதுதான். ஆனா யாரு புடிச்சிருக்காங்கன்னு அவருக்குத் தெரியணும் இல்ல?"

உள்ளேயிருந்து ஏதோ ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய நான் ஒரு பெண்பிள்ளையிடம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில், டயர் பிரிவிலிருந்து ஆள் வந்து என்னை அழைத்துப்போனான். பம்பு ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டியூபா. மாஸ்டரிடம் சாவியைத் திரும்ப வாங்கி, பேண்டு அறையிலிருந்து என் டிரம்மையும் அவனே தூக்கி வந்து வைத்திருந்தான். மன்னிப்பு, கோபம், அதெல்லாம் எதுவுமில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான்.

"கம்ப்ரஸர் ஓடும்போது நான் எவ்வளவு இளைச்சாலும் எவனுக்கும் கேக்கறதில்ல. கவனிச்சிருக்கியா?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன், மண்டு. நீ எனக்காக நிறுத்தினதுதான் தப்பு. நீ நிறுத்தக்கூடாது. பலமா அடிக்கணும்."

நான் புரியாமல் நின்றேன். அவன் விளக்கினான். அந்தப் பகுதியில் நான் மெதுவாகத் தட்டிவிட்டு, உடனே இடது உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்துச் சத்தத்தை அமுக்குவேன். அதுதான் முறை. அவன் கேட்டது வேறு. நாலு இடத்தில் மட்டும் நான் ஓங்கி அடித்து, கையை வைக்காமல் விட்டுவிடவேண்டும். சத்தம் காற்றில் தொங்கும். தொங்குகிற நேரம் ஒரு கண் இமைப்பு. அதற்குக் கீழே அவன் ஒரு சின்ன மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த சுரத்தில் இருப்பான். ஒரே பெரிய மூச்சுக்குப் பதிலாக நாலு குட்டி மூச்சு. பாட்டு எங்கேயும் நிற்காது.

"நீ ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் நான் மாட்டிக்குவேன்" என்றான்.

"நீ முந்தினா?"

"நான் முந்தமாட்டேன். எனக்கு அவ்வளவு காத்து கிடையாது."

மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் டயர்களுக்கு நடுவே பழகினோம். முதல் நாள் ஒன்றுமே ஒட்டவில்லை. "லாரி மோதின மாதிரி அடிக்காதடா, நான் பயத்துலயே மூச்சை விட்டுடறேன்" என்றான். இரண்டாம் நாள் அடி சரியாக வந்தது, ஆனால் பழக்கதோஷம், உள்ளங்கை தானாகப் போய்த் தோலில் உட்கார்ந்தது. அவன் எழுந்துவந்து என் இடது கையைப் பிடித்து பெல்ட்டுக்குள் செருகிவிட்டான். மூன்றாம் நாள் பதினாறு கட்டத்தையும் இரண்டு தடவை முழுதாக முடித்தோம். முடித்தபோது அவன் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. "சாப்பாடு ஆறிப்போச்சு" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை மதியம் டிப்போ முற்றத்தில் தேர்வு. தலைமை அலுவலகத்துக்காரர் நாற்காலியில், மடியில் அச்சுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் பக்கத்தில். பஸ் கழுவுகிறவர்கள், கண்டக்டர்கள், கேன்டீன்காரர் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். பதினொரு வருஷம் நின்ற இடத்தில் இன்று பேண்டு நிற்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பம்பு நின்றுவிடுவானா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது பகுதி வந்தது. மற்றவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். டியூபா கிளம்பியது. நாலாவது கட்டத்தில் முதல் அடி. கையை வைக்கவில்லை, சத்தம் தொங்கியது, அவன் தோள் ஒரு விரல் அளவு ஏறி இறங்கியது. ஒன்று. எட்டாவது கட்டத்தில் இரண்டாவது அடி. தோள் ஏறி இறங்கியது. பழைய ஒன்பதாவது கட்டத்தை, எல்லோரும் தாண்டப் பயந்த அந்த இடத்தை, அவன் அப்படியே வாசித்துக்கொண்டு போனான். பதினொன்றாவதில் மூன்றாவது அடி. அடித்தேன். சத்தம் தொங்கியது. தோள் அசையவில்லை.

நான் முந்திவிட்டேனா, அவன் தவறவிட்டானா, தெரியவில்லை. இன்னும் மூன்று கட்டம் அவன் தாங்கவேண்டும். இப்போது நிறுத்தினால் பழையபடி எல்லோரும் நிற்பார்கள், அவன் பிழைத்துக்கொள்வான், ஆனால் பேண்டில் அவன் கதை முடிந்துவிடும். கை அரித்தது. நான் நிறுத்தவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அந்த மூன்று கட்டம் அடித்துக்கொண்டே இருந்ததுதான். பதினான்காவதில் நாலாவது அடி. தோள் ஏறியது, இறங்கியது. பதினாறு முடிந்தது. மற்ற வாத்தியங்கள் குரலை உயர்த்திக்கொண்டு பாய்ந்தன. கழுவுகிற மேடைப் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

தலைமை அலுவலகத்துக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "நல்லா இருக்கு. ஆனா பெரிய டிரம் நாலு இடத்துல ரொம்பப் பலமா விழுது. அச்சுல அப்படி இல்லையே."

நான் வாயைத் திறப்பதற்குள் பம்பு ஒரு அடி முன்னால் வந்தான். டியூபாவைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அது எனக்காக சார். எனக்கு ஒன்றரை நுரையீரல்தான். அவன் அடிக்கற சத்தத்துல நான் மூச்செடுக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மூச்செடுத்தது எனக்குக் கேக்கவே இல்லையே."

"கேக்கக்கூடாதுன்னுதான் சார் அடிக்கறான்."

முற்றத்தில் அப்படியொரு சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை, தன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அச்சுப் புத்தகத்தில் அந்த நாலு இடத்திலும் டிரம்முக்கு அழுத்தக் குறி போட்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒன்பது டிரம்மும் இப்படியே அடிக்கட்டும் சார். பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். தலைமை அலுவலகத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக்கொண்டார். மைதானத்தில் ஒன்பது பெரிய டிரம்களும் என் நண்பனுடைய மூச்சுக்காக ஓங்கி விழுந்தன. அதை நான் என் காதால் கேட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், தேர்வு முடிந்த அந்தச் சனிக்கிழமை, வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு பேண்டு அறைக்கு நடந்தோம்.

"மூணாவது அடியில ஏன்டா மூச்செடுக்கல? என் உசுரு போயிடுச்சு."

"தேவைப்படல."

"தேவைப்படலையா? அப்ப நாலாவதுல ஏன் எடுத்த?"

"நீ அவ்வளவு சிரமப்பட்டு அடிக்கறியே, சும்மா போகவேணாமேன்னுதான்" என்று சொல்லிவிட்டு, டியூபாவின் வாயில் என் தலை இடிக்காதபடி திருப்பிக்கொண்டு, கதவுக்குள் எனக்கு முன்னால் நுழைந்தான்.